ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

போன மாதம் அம்மா மூன்று வாரம் மாத்திரை போடாமல் இருந்திருக்கிறாள், எங்கள் யாருக்கும் தெரியாது. நான் மதுரைக்குப் போய் இறங்கிய அன்று காலை ஏழரை மணி ஆகியும் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை, இரண்டு கையையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் கணுக்கள் வீங்கி, மோதிரம் தோலுக்குள் புதைந்து கிடந்தது. அடுப்படியில் அப்பா காபி போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தவுடனேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

திரும்பத் திரும்பக் கேட்ட அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. வழக்கமாக வாங்கும் கடையில் இருப்பு இல்லை என்று வேறொரு மருந்துக்கடைக்குப் போயிருக்கிறாள். அங்கே இருந்த பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இது கேன்சருக்குக் குடுக்குற மாத்திரையாச்சே, உங்களுக்கு எதுக்கு எழுதியிருக்காங்க?" என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். பதினேழு வருடமாகச் சாப்பிட்டு வந்த மாத்திரையை அன்றைக்கு வாங்காமலே திரும்பிவிட்டாள். தனக்குக் கேன்சர் இருக்கிறது, பிள்ளைகளும் டாக்டருமாகச் சேர்ந்து அதை மறைக்கிறார்கள் என்று மூன்று வாரம் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பையன் சொன்னது பொய்யும் இல்லை. அந்த மாத்திரையின் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்கும் கொடுப்பார்கள், அங்கே சில சமயம் கிராம் கணக்கில் ஏற்றுவார்கள். அம்மா சாப்பிடுவது வாரத்துக்கு ஒரே ஒரு நாள், ஞாயிறு இரவு, 15 மில்லிகிராம். முடக்கு வாதத்துக்கு, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸுக்கு, உலகம் முழுக்க முதலில் எழுதுகிற மருந்து இதுதான். புற்றுநோய் மருந்து எப்படி மூட்டுக்கு வந்தது என்று அம்மா என்னிடம் கேட்டாள். எனக்கும் சரியாகத் தெரியாது. அன்றைக்கு ஆரம்பித்துப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

அதற்கு முன்னால் நோய் வந்த கதை. 2006-இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா அடித்தது ஞாபகம் இருக்கும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது நொண்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கும் காய்ச்சல் வந்து போனது, மூட்டு வலி மட்டும் போகவில்லை. "எல்லாருக்கும் இப்படித்தான், ஆறு மாசம் இருக்கும்" என்றார்கள். ஆறு மாதம் ஒரு வருடமானது. சிக்குன்குனியா வலி சிலருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட நீடிக்கும் என்பது உண்மைதான், அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அம்மாவுக்கு இரண்டு கையிலும் ஒரே மாதிரி, அதே விரல்கள், அதே மணிக்கட்டு, காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரம் விறைப்பு. மூட்டுத் தேய்மானம் என்றால் வேலை செய்யச் செய்ய வலி கூடும், இது நேர் எதிர், சும்மா இருந்தால்தான் இறுகும். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி மூட்டின் உள்சவ்வையே எதிரியாக நினைத்துத் தாக்கி, சவ்வு தடித்து, அது எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்க ஆரம்பிக்கிறது. 2008-இல்தான் ஒரு மூட்டுநோய் டாக்டர் பார்த்து முடக்கு வாதம் என்று சொன்னார். அதற்குள் வலது கையில் இரண்டு விரல் கோணியிருந்தது, அது இன்றுவரை நிமிரவில்லை.

அம்மாவுக்கு அளவுகோல் மல்லிகைப்பூ. நல்ல நாட்களில் டிவி பார்த்துக்கொண்டே, கையைப் பார்க்காமலே, நெருக்கமாகக் கட்டிவிடுவாள். நோய் முற்றியிருந்தபோது ஒரு முழம் கட்ட ஒரு மாலை போதவில்லை, நார் விரலில் நிற்காது. மருந்து ஆரம்பித்து மூன்று மாதத்தில் ஒருநாள் கட்டி முடித்த பூவை என்னிடம் நீட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

சரி, மருந்துக்கு வருவோம். இதன் வேர் நம் ஊர்ப் பக்கம் வரை வருகிறது என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. எல்லாப்பிரகடா சுப்பாராவ், 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர், அன்றைக்கு அது சென்னை மாகாணம். படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். கதர் உடுத்தியதால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார் என்று அவர் வரலாற்றில் சொல்கிறார்கள். ஸ்ப்ரூ என்கிற குடல்நோய் அவருடைய சகோதரரைக் கொண்டுபோனது. அவரையும் பிடித்து, ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். பிறகு பாஸ்டன் போய் ஹார்வர்டில் வருடக்கணக்கில் உழைத்து, அங்கே நிரந்தர இடம் கிடைக்காமல், லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே 1940-களின் நடுவில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தை, அதாவது உடம்பில் செல்கள் பெருகத் தேவையான ஒரு வைட்டமினை, செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூவுக்குப் பயன்படும் மருந்துகளில் ஃபோலிக் அமிலமும் ஒன்று. சகோதரரைப் பறிகொடுத்தவர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

அதே குழு ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளையும் செய்தது. ஒன்று அமினாப்டெரின், அதைக் கொஞ்சம் மாற்றினால் மெத்தோட்ரெக்ஸேட். பாஸ்டனில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்துவந்த சிட்னி ஃபார்பர் அமினாப்டெரினை வாங்கி ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்குக் கொஞ்ச காலத்துக்காவது நோய் தணிந்தது. 1948 ஜூனில் கட்டுரை வந்தது. அந்த ஆகஸ்டிலேயே சுப்பாராவ் இறந்துவிட்டார், 53 வயது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எழுந்து போய் அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மெத்தோட்ரெக்ஸேட். மற்ற நாட்களில் வாய்ப்புண், குமட்டல் வராமல் இருக்க ஃபோலிக் அமிலம். மருந்தும் அதற்கு எதிர்மருந்தும் ஒரே மனிதரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை, எங்கள் வீட்டு அலமாரியில் ஒரே டப்பாவுக்குள் இருக்கின்றன. அவர் பெயரைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அந்த வருத்தம் எனக்கு உண்டு.

இப்போது மூட்டு. 1951-லேயே ரிச்சர்ட் கப்னர் என்ற டாக்டரும் உடன் இருந்தவர்களும் அமினாப்டெரினை முடக்கு வாதம் உள்ள ஒரு சிலருக்குக் கொடுத்துப் பார்த்து, வீக்கம் குறைகிறது என்று எழுதிவிட்டார்கள். சொரியாசிஸும் சரியாகிறது என்றும் கவனித்தார்கள். தோல் டாக்டர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மூட்டு டாக்டர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏனென்றால் அப்போது எல்லோர் கண்ணும் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் மேல் இருந்தது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச், படுக்கையில் புரளவே கஷ்டப்பட்ட 29 வயதுப் பெண் ஒருவருக்கு அந்த ஊசியைப் போட, சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்து கடைக்குப் போய்வந்தார். அதைப் பார்த்த உலகம் மயங்கியதில் தப்பே இல்லை. 1950-இல் ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. அப்புறம்தான் முகம் உப்புவதும், எலும்பு மெலிவதும், சர்க்கரை ஏறுவதும், மருந்தை நிறுத்தினால் நோய் திரும்ப வந்து நிற்பதும் தெரியவந்தது. இன்றைக்கும் நம் ஊர்களில் "ஒரே வாரத்தில் வலி போகும்" என்று பெயர் போடாத பொட்டலத்தில் பொடி விற்கிறார்களே, அதில் பல சமயம் இருப்பது இந்த வகை ஸ்டீராய்டுதான். தெரிந்தவர்கள் யாராவது அதை வாங்கிச் சாப்பிட்டால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள், ஆனால் ரொம்ப நாள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று விடவும் கூடாது, டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

இப்படியாக மெத்தோட்ரெக்ஸேட் முப்பது வருடத்துக்கும் மேல் ஓரத்தில் கிடந்தது. நடுவில் அங்கங்கே ஒரு சில டாக்டர்கள் கொடுத்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். "எங்கள் நோயாளிகளுக்குக் கேட்டது" என்பதை யாரும் ஆதாரமாக ஏற்கவில்லை, ஏற்காததும் சரிதான், இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும், வலி இறங்கும் நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். எங்கள் அத்தை அம்மாவுக்கு முடக்கத்தான் தோசை சுட்டுக் கொடுத்த வாரம் வலி குறைந்தது. அத்தை இன்றுவரை அதைச் சொல்வார். தோசை நல்ல தோசை. குறைந்தது தோசையாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதைக் கண்டுபிடிக்கும் வழியில் பாஸ்டனிலேயே நடந்த ஒரு ஆய்வு 1985-இல் வெளிவந்தது. மைக்கேல் வைன்பிளாட் என்ற டாக்டரின் குழு, மற்ற மருந்துகள் கேட்காத 35 நோயாளிகளைச் சேர்த்தது. மொத்தம் 24 வாரம். பாதிப் பேருக்கு முதலில் மெத்தோட்ரெக்ஸேட், மீதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றத்தில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 12 வாரம் முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் மாற்றினார்கள். யார் எதைச் சாப்பிடுகிறார் என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, மூட்டை அழுத்திப் பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. எத்தனை மூட்டு வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது, காலை விறைப்பு எத்தனை நேரம் என்றெல்லாம் எண்ணி எழுதினார்கள். மருந்து எடுத்த வாரங்களில் எண்கள் இறங்கின, மாறி வெறும் மாத்திரைக்குப் போனவர்களுக்கு நோய் திரும்பக் கிளம்பியது. முப்பத்தைந்தே பேர்! அதே ஆண்டு இன்னொரு பெரிய ஆய்வும் இதையே சொல்ல, 1988-இல் அமெரிக்காவில் முடக்கு வாதத்துக்கு இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். அந்த 35 பேரும் ஏற்கெனவே எல்லா மருந்தும் பார்த்து அலுத்தவர்கள். அம்மாவின் கை மாதிரிக் கையோடு, 12 வாரம், அதாவது மூன்று மாதம், தான் விழுங்குவது வெறும் மாத்திரையாக இருக்கலாம் என்று தெரிந்தே விழுங்கியிருக்கிறார்கள். அம்மா மூன்று வாரம் மருந்தில்லாமல் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் என்றால் எப்படி இருந்திருக்கும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மருத்துவமனையில் அம்மாவை ஒரு ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டார்கள். சாப்பிடும் மருந்து அப்படியே தொடரும், கூடவே பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று தமிழிலேயே தாள் கொடுத்தார்கள். அம்மா படித்துக்கொண்டிருக்கும்போதே நான் அந்தத் தாளைப் பிடுங்கி, "எங்கம்மா மேல சோதனை பண்ண வேண்டாம்" என்று அந்தப் பெண்ணிடம் கத்திவிட்டு வந்தேன். அவர் முகம் சுருங்கியது இன்னும் நினைவிருக்கிறது. என் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை, நம் நாட்டில் சரியாகச் சொல்லாமல் ஆட்களைச் சேர்த்த கதைகள் செய்தித்தாளில் வந்த காலம் அது. ஆனால் நான் அம்மாவைக் கேட்கவே இல்லை. கை அவளுடையது, முடிவும் அவளுடையதாக இருந்திருக்க வேண்டும். இப்போது யாராவது கேட்டால் நான் முதலில் அந்தத் தாளை முழுக்கப் படிப்பேன், இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று பார்ப்பேன். சி.டி.ஆர்.ஐ. என்று தேடினால் வரும், 2009-லிருந்து இங்கே நடக்கும் ஆய்வுகளை அதில் பதிவு செய்வது கட்டாயம், யார் வேண்டுமானாலும் நோயின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

நாட்டு மருந்தை இப்படிச் சோதிக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு கோயம்புத்தூர்க் கதை. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டேனியல் ஃபர்ஸ்ட் என்ற மூட்டுநோய் டாக்டரும் கோவை ஆயுர்வேத வைத்தியர்களும் சேர்ந்து 43 முடக்கு வாத நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து 36 வாரம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆயுர்வேதமும் வெறும் மாத்திரையும், ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டும் ஆயுர்வேத மருந்து போலவே இருக்கும் மருந்தில்லாத ஒன்றும், இன்னொரு பிரிவுக்கு இரண்டும். லேகியம், கஷாயம் போல வாசனையும் ருசியும் உள்ள மருந்துக்கு "வெறும்" ஒன்றைத் தயாரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள், அதைச் செய்தார்கள். அதுவும் ஆளுக்கு ஆள் மருந்தை மாற்றிக் கொடுக்கும் வைத்தியரின் முறையைக் கெடுக்காமல். 2011-இல் வந்த முடிவு, மூன்று பிரிவும் ஏறக்குறைய சமம். 43 பேரை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, இது முன்னோட்டம்தான் என்று அவர்களே எழுதினார்கள். இதைவிடப் பெரிதாக ஒன்று நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மருந்து நல்லது கெட்டது என்று வீட்டில் அத்தையும் நானும் சண்டை போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொரு ஆய்வு என்னை ரொம்ப யோசிக்க வைத்தது, அதில் புது மருந்தே கிடையாது. கிளாஸ்கோவில் 110 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பேரை மாதா மாதம் வரச்சொல்லி, மூட்டுகளை எண்ணி, எண் இறங்கவில்லை என்றால் அன்றைக்கே மருந்தைக் கூட்டினார்கள். 18 மாதம் கழித்து நோய் அடங்கியவர்கள் வழக்கமான பிரிவில் 16 சதவீதம், மாதா மாதம் எண்ணிய பிரிவில் 65 சதவீதம். மருந்துகள் எல்லாம் பழைய மருந்துகள். 2004-இல் வந்தது இது. அம்மாவின் டாக்டர் ஒவ்வொரு தடவையும் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் கணு, முழங்கால் என்று 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து எண்ணுவது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால் அம்மா "பரவாயில்ல டாக்டர்" என்றுதான் சொல்வாள், எவ்வளவு வலித்தாலும். நம் அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தானே. எண்ணினால் மறைக்க முடியாது.

கேள்வித்தாள்களும் உண்டு. அமெரிக்கக் கேள்வித்தாளை அப்படியே கேட்டால் நமக்குப் பொருந்தாது என்று இந்தியாவில் அதை மாற்றி எழுதினார்கள். அதில் புடவை கட்ட முடிகிறதா, சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா, ஆட்டோவில் ஏறி இறங்க முடிகிறதா, காய்கறிச் சந்தையில் சாமான் வாங்க முடிகிறதா என்று கேட்கிறார்கள். அதைப் படித்துக் காட்டியபோது அம்மா, "பூ கட்ட முடியுதான்னு கேக்கலையா?" என்றாள். கேட்டிருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

அம்மாவிடம் நான் எதையும் மறைக்கவில்லை. 2019-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 4,786 இதய நோயாளிகளிடம், மூட்டு நோய்க்குக் கொடுக்கும் இதே சிறிய அளவைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளியானது. இதயத்துக்கு அது உதவவில்லை. ஆனால் பாதிப் பேர் வெறும் மாத்திரை எடுத்ததால் இந்த மருந்தின் பக்கவிளைவு என்ன என்பது முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கல்லீரல் எண்கள் ஏறலாம், வெள்ளணுக்கள் குறையலாம், வாய்ப்புண் வரலாம், தோல் புற்றுநோயில் சில வகைகள் மருந்து எடுத்தவர்களிடம் கொஞ்சம் கூடுதலாக இருந்தன. இதற்காகத்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, அதை விடக்கூடாது. கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் இதை எடுக்கவே கூடாது, டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், இது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் என்று நினைத்துப் போட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிரே போனவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது சாப்பிட்டால் அட்டையின் மேல் பெரிய எழுத்தில் கிழமையை எழுதி ஒட்டுங்கள். நான் அம்மாவின் டப்பாவில் சிவப்பு மையில் "ஞாயிறு மட்டும்" என்று எழுதிவிட்டு வந்தேன்.

டாக்டரிடம் பேசி, ரத்தம் பார்த்து, அந்த வாரமே திரும்ப ஆரம்பித்தோம். உடனே கேட்காது, ஆறு வாரமாவது ஆகும் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிறு இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாஸ்டன் கதையை மத்தியானம்தான் சொல்லியிருந்தேன்.

"அந்த முப்பத்தஞ்சு பேரும் அப்புறம் என்ன ஆனாங்க?" என்றாள்.

அவர்களில் சிலரை அந்த டாக்டர் விடாமல் பார்த்துவந்தார், 132 மாதம், பதினோரு வருடம், ஒவ்வொரு தடவையும் மூட்டை எண்ணி எழுதினார் என்றேன். "பதினொரு வருசமா" என்று கேட்டுக்கொண்டே தண்ணீர் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள்.